பிரேக் ஆயிலில் சேரும் ஈரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாமா எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுவார். பிரேக் ஆயிலோ தேநீர்ச் சாயம்போல் கருத்துக் கிடக்கிறது.

பிரேக் மிதியை அழுத்தினால், அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் என்ற உருளையில் உருவாகும் அழுத்தம், திரவம் எளிதில் சுருங்காது என்பதால், குழாய்கள் வழியே குறையாமல் சென்று, சக்கரங்களிலுள்ள அகலமான பிஸ்டன்களைத் தள்ளி, பேடுகள் எனும் உராய்வுக் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் வட்டின்மீது இறுக்குகிறது. பிஸ்டன் அகலமாக இருப்பதால்தான் காலின் விசை பன்மடங்காகிறது.

ஆனால் இத்திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டர்பன் கடற்காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 என்ற தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அவ்வரம்பு 155 டிகிரிதான். நிறத்தை வைத்து ஈரத்தை அளவிட முடியாது என்பது வேறு.

டர்பன் அருகிலுள்ள ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற நீண்ட இறக்கத்தில், கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பழைய திரவம் கொதித்து, அந்த ஆவிக்குமிழ்கள் சுருங்கிக்கொடுக்க, மிதி தரைவரை அமுங்கியும் வண்டி நிற்காது.