வேலிக்கு அந்தப் பக்கம்

செப்டம்பர் 28, 2024, சனி

வில்லால் மான் வேட்டையாடும் சீசன், முதல் நாள். விடிய விடிய மழை, ஹெலீன் புயலின் மிச்சம். தென்கிழக்கு ஒஹாயோ கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தது; ஓடையில் கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. நனைந்தபடி பரணில் இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அக்டோபர் 6

காற்று தெற்கு. போகவில்லை.

அக்டோபர் 7

மறுபடியும் தெற்கு. இந்த ஆறு ஏக்கரில் தெற்குக் காற்றுக்கு உட்கார இடமே கிடையாது. என் வாடை நேராக மான்கள் படுக்கும் புதருக்குப் போய்விடும். ஒரு தடவை மோப்பம் பிடித்துவிட்டால் அப்புறம் பகலில் தலைகாட்டாது.

அக்டோபர் 19

வெள்ளை ஓக் கொட்டை உதிர்க்கிறது. செவ்வோக்கைவிடத் துவர்ப்பு குறைவு, மான் இதைத்தான் முதலில் தேடி வரும். காற்று பார்க்க மில்க்வீட் பஞ்சை ஓர் இழை விட்டேன். எருக்கின் உறவுச் செடி. காயைப் பிளந்தால் அதே வெள்ளைப் பஞ்சு. நேராக மிதந்து போனது, பள்ளத்தின் மேல் வந்ததும் இறங்கி, வேலிப் பக்கம் திரும்பிவிட்டது. சாயங்காலக் குளிர்காற்று சரிவில் தண்ணீர் மாதிரி இறங்குகிறது. போனில் காட்டும் திசையை நம்பி இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்!

அக்டோபர் 27

பின்வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை. வேலி தாண்ட எழுத்தில் அனுமதி வேண்டும். பழைய சீட்டில் தேதி முடிந்துவிட்டது.

நவம்பர் 9, சனி

மாலை 5.20. பெட்டை. 22 கஜம். ஓக்கடியில் தலை குனிந்து தின்றது, பல்லில் கொட்டை உடையும் சத்தம் கேட்டது. அம்பை விட்ட நொடியில் ஓர் எட்டு முன்னால் வைத்தது.

அம்பை எடுத்துப் பார்த்தேன். நுரையீரல் ரத்தத்தின் நுரை இல்லை. இறகில் பச்சையாகப் பிசுபிசுப்பு, புளித்த புல் வாடை. வயிறு. முதுகை வளைத்து மெதுவாக நடந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இரவு 11. இப்போது தேடிப் போனால் எழுந்து ஓடும், அப்புறம் கிடைக்காது. எட்டு மணி நேரமாவது, முடிந்தால் பன்னிரண்டு, விட்டுவைக்க வேண்டும். தெரியும். தெரிந்து என்ன, அது அங்கே குளிரில் படுத்திருக்கிறது, நான் போர்வைக்குள். நாளை மழை என்கிறார்கள். மழை வந்தால் ரத்தத் தடம் போச்சு. மூன்று தடவை கூப்பிட்டேன், பின்வீட்டுக்காரர் எடுக்கவில்லை. ஓர் எட்டு. அது வைத்து முடிக்கும்வரை நான் ஏன் பொறுக்கவில்லை?

நவம்பர் 10

வேலி வரை போனேன். கம்பியில் நாலு வெள்ளை மயிர். மழை.

நவம்பர் 12

அவர் கூப்பிட்டார். மகள் வீட்டில் இருந்தாராம். சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கூடவே வந்தார். காகச் சத்தம்தான் வழி காட்டியது. ஓடைப் படுகையில் கிடந்தது. வயிற்றில் அடிபட்ட மான் தண்ணீரைத் தேடிப் போகும். மழை கூழாங்கல்லை நனைத்ததோடு சரி.

கொயோட், இந்த ஊர்க் குள்ளநரி, பின்தொடையிலிருந்து தின்றிருந்தது. காது மட்டும் முழுசாக இருந்தது. உள்ளே மெல்லிய வெள்ளை மயிர், அதில் ஓர் ஓக் இலைத் துணுக்கு. வேலியிலிருந்து நூற்றெண்பது எட்டு நடை. எண்ணிக்கொண்டே திரும்பினேன்.

என் வேட்டைக் கணக்கில் பதிவு செய்தேன். ஒரு துண்டு கறி வீடு வரவில்லை, ஆனால் கொன்றது நான்தான்.

நவம்பர் 16

வடமேற்கு. நல்ல காற்று. போகவில்லை.

நவம்பர் 17

கொட்டகைக்குப் பின்னால் அறுபது அம்பு, எல்லாம் 15 கஜத்தில். தோள் வலிக்கிறது.

நவம்பர் 23

பரண் வேலிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. நடு நிலத்து ஓக்குக்கு மாற்ற வேண்டும். அங்கே மேற்குக் காற்றுக்கு மட்டும்தான் உட்கார முடியும், சீசனில் பாதி நாள் போய்விடும். போகட்டும். ஏணியைப் பிடிக்க நாளை வருவதாகப் பின்வீட்டுக்காரர் சொன்னார்.

நவம்பர் 24

வரவில்லை. போனும் எடுக்கவில்லை.