செரோக்கி எக்ஸ்ஜே: ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிமானம்

1984 முதல் 2001 வரை வந்த ஜீப் செரோக்கி எக்ஸ்ஜேவுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸ் தொங்குவது, உடலோடு சேர்ந்த மடித்த தகட்டு ரெயிலில்; நடுவே ஒரு அலுமினிய ஸ்பேசர் (இடைத்துண்டு). 33 அங்குல டயர் பாறையில் சிக்கும்போது விழும் முறுக்கு நேராக அங்கேதான் போகிறது. முதலில் ஸ்பேசரில் விரிசல் விழும், பிறகு போல்ட் துளையைச் சுற்றித் தகடு கிழியும்.

இன்ஜினை ஓட விட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டட்டும். பாக்ஸும் ரெயிலும் சேரும் இடத்தில் விரல் வையுங்கள். மயிரிழை அசைவுகூடத் தெரியும். கம்பி பிரஷ்ஷால் சேற்றைச் சுரண்டினால் விரிசல் துருக்கோடாகத் தென்படும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். விரிசல் முனையில் 3 மி.மீ. துளை போட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டைத் தாண்டியும் ஓடும். வெளிப்பக்கம் 5 மி.மீ. தகட்டை ரெயில் நெடுக நீட்டி வையுங்கள். சின்ன ஒட்டு போட்டால் அதன் ஓரத்திலேயே புது விரிசல் வரும். துளைகளுக்குள் கனமான குழாய்த் துண்டு கட்டாயம். அது இல்லாமல் இறுக்கினால் ரெயில் நசுங்கி போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பேசரை இரும்பில் மாற்றி, 95 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். முதல் கரடுமுரடு ஓட்டம் முடிந்ததும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.