மூன்று கட்டடமும் ஒரு இடிதாங்கியும்

வடக்கு உகாண்டாவில், குலு பக்கம், ஒரே நேரத்தில் மூன்று கட்டடம் என் தலையில். வகுப்பறைகள், பிரசவ வார்டு, ஆசிரியர் குடியிருப்பு. கட்டச் சொன்ன கிறிஸ்தவ மிஷனின் பணம் தவணை தவணையாகத்தான் வரும், மழை அதற்கெல்லாம் காத்திருக்காது. ஏப்ரல் வாக்கில் பிடித்தால், நடுவில் கொஞ்சம் ஓய்ந்தாலும் அக்டோபர் வரை விடாது, அதனால் மார்ச்சுக்குள் எதற்கு முதலில் கூரை போடுவது என்று ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. நான் பிரசவ வார்டு என்றேன். பள்ளிக்காரர்களுக்கு இன்னும் வருத்தம்தான்.

செங்கல் சுட்டால் விறகுக்கு மரம் போகிறது. அதனால் செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கையால் அழுத்தும் மெஷினில் கல் செய்கிறோம். சூளை வேண்டாம், ஆனால் நிழலில் மூடி வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆராதனைக்குப் போனால் யார் தெளிப்பது? (நான்தான்.)

கூரைத் தகடு இன்னொரு தலைவலி. 28 கேஜ் கேட்டால் 30 வந்து இறங்கும், எண் கூடினால் தகடு மெலிசு என்பது கணக்குப் பார்க்கிறவர்களுக்குப் புரிவதே இல்லை.

அப்புறம் இடிதாங்கி. பட்ஜெட்டில் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. 2011 ஜூனில் இதே உகாண்டாவில், கிரியாண்டோங்கோ மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மின்னல் தாக்கி 18 பிள்ளைகள் இறந்துபோனதை எழுதி அனுப்பினேன். குடியிருப்பின் பெயிண்ட் பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சரி, ஆசிரியர்கள் கொஞ்ச நாள் வெறும் சுவரோடு இருக்கட்டும்.