சனிக்கிழமை மாலைக்குள் முடிக்க வேண்டிய கட்டுரை

ஞாயிறு இணைப்பிதழில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரமான காலக்கணக்கு பழகிவிடும். இதழின் மேல் ஞாயிற்றுக்கிழமை தேதி இருக்கும். பக்கங்கள் அச்சுக்குப் போவதோ வாரத்தின் நடுவில். அந்த நேரம் பார்த்து ஒரு டெஸ்ட் மேட்ச் நடந்துகொண்டிருந்தால் என்ன மேட்டர் கொடுப்பது? யார் ஜெயித்தார்கள் என்று படிக்கிறவருக்குத் தெரிந்திருக்கும், எழுதுகிற நமக்குத் தெரியாது. விளையாட்டு டெஸ்க்கிலிருந்து என்னை இலக்கியப் பக்கங்களுக்கு மாற்றியபோது இந்தத் தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். ஆங்கிலக் கவிஞர் ஆலன் ராஸைப் படிக்க ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். இந்த இரண்டு மேஜைகளிலும் ஒரே காலத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர் அவர்.

1922இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஏழு வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்காக கிரிக்கெட் ஆடினார். பிறகு யுத்தம், கடற்படை. 1942 டிசம்பர் 31 அன்று பேரண்ட்ஸ் கடலில் அவர் இருந்த 'ஆன்ஸ்லோ' போர்க்கப்பல் மீது ஜெர்மானியக் குண்டுகள் விழுந்தன. அன்று பிழைத்து வந்தவர் அதைப் பின்னாளில் ஒரு நீண்ட கவிதையாக எழுதினார். 1953 முதல் 1971 வரை 'அப்சர்வர்' பத்திரிகையின் கிரிக்கெட் நிருபர். 1961இல் ஜான் லேமனிடமிருந்து 'லண்டன் மேகஸின்' இலக்கிய இதழைப் பொறுப்பேற்றவர், 2001 பிப்ரவரியில் இறக்கும்வரை அந்த நாற்காலியை விடவில்லை. கவிதைத் தொகுப்புகள், பயண நூல்கள், தன்வரலாறு, குழந்தைகள் கதை என்று எழுதியதும் நிறைய.

'அப்சர்வர்' ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் பத்திரிகை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் டெஸ்ட் வியாழக்கிழமை தொடங்கும், ஞாயிறு ஓய்வு, திங்கள், செவ்வாயில் முடியும். அதாவது ராஸ் சனிக்கிழமை மாலை கட்டுரையை அனுப்பும்போது மேட்ச் பாதியில் நிற்கும். முடிவு என்பது தினசரிக்காரர்களின் சொத்து. 1963 லார்ட்ஸ் டெஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக இங்கிலாந்துக்கு 234 ரன் இலக்கு. கடைசி ஓவரை வெஸ் ஹால் வீசுகிறார். ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இரண்டு பந்து பாக்கி, ஆறு ரன் வேண்டும். உடைந்த கையில் கட்டுடன் காலின் கௌட்ரி இறங்கி எதிர்முனையில் நிற்கிறார். மட்டை பிடித்த டேவிட் ஆலன் இரண்டு பந்துகளையும் தடுத்து ஆடிவிட, 228க்கு 9 என்று டிரா. இத்தனையும் நடந்தது செவ்வாய்க்கிழமை. அடுத்த ஞாயிறுக்குள் லண்டன் டீக்கடைகளில்கூடப் பேசித் தீர்த்திருப்பார்கள். ராஸ் அந்த ஒரு மேட்ச்சுக்கென்றே ஒரு சிறு புத்தகம் எழுதிவிட்டார்.

எதிர்மாறாகவும் ஒன்று நடந்தது. 1960 ஜனவரி 30, ட்ரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயின், வெஸ்ட் இண்டீஸ்–இங்கிலாந்து டெஸ்ட். உள்ளூர்ப் பையன் சரண் சிங் தன் முதல் டெஸ்ட்டில் ரன் அவுட் ஆனதும் மைதானத்தில் பாட்டில்கள் பறந்தன, ஆட்டமே நின்றது. அன்று சனிக்கிழமை! ஞாயிறு பத்திரிகை நிருபருக்கு இப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் வாய்க்கும். அதுவும் லண்டனில் இருட்டிய பிறகு. அந்த நேரத்தில் ஆசிரியர் குழுவில் எப்படிப் பரபரத்திருப்பார்கள் என்று பத்திரிகையில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

முடிவைச் சொல்லும் வேலை இல்லாதவன் வேறு எதையாவது சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரர் நடந்து வரும் விதம், பந்துவீச்சாளர் ஓடி வரும் தோரணை, மைதானத்துக்கு வெளியே அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று ராஸின் பேனா போனதற்கு அவருடைய கவிமனம் மட்டும் காரணமில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தச் சனிக்கிழமைக் கெடுவுக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரேலிய சுழற்பந்து வீச்சாளர் ரிச்சி பெனோ பந்து வீசுவதைப் பார்த்து அவர் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். ஒரு கவிதைக்கு ஸ்கோர் எதற்கு? பத்திரிகை வேலை எழுத்தைக் கெடுத்துவிடும் என்று நம்முடைய சிறுபத்திரிகைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். என்னிடமும் நேராகச் சொன்னவர்கள் உண்டு. எந்தப் பத்திரிகை, எந்தக் கிழமை என்று அவர்களைக் கேட்கத் தோன்றும்.

பத்து வருஷம் இரண்டு வேலைகளும் சேர்ந்தே ஓடின. 1962–63 குளிர்காலத்தில் அவர் ஆஸ்திரேலியாவில் ஆஷஸ் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; லண்டனில் ஒரு மாத இதழ் அச்சுக்குப் போயாக வேண்டும். கைப்பிரதிகள் குவிந்துகொண்டே இருக்கும் இடம் அது. ராஸ் அதைச் சமாளித்ததில் ஒரு பகுதி தபால் கார்டு. எழுதியனுப்பியவருக்கு அவரிடமிருந்து சின்னதாக ஒரு கார்டு வரும், சீக்கிரமாகவும் வரும்.

இதன் அருமை கைப்பிரதிக் கட்டுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். 'போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை இல்லாதவை திருப்பி அனுப்பப்பட மாட்டா' என்று போட்டுவிட்டு, உறை வைத்தவர்களுக்கும் பதில் போடாத அலுவலகங்கள் எத்தனை! ஒரு கதை தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்ல மாதக்கணக்கில் இழுப்பதற்குப் பரிசீலனை என்று பேர் வைத்திருக்கிறோம். மேட்ச் முடியும்வரை காத்திராமல் எழுதிப் பழகியவருக்கு ஒரு கதையைப் பற்றி அன்றைக்கே தீர்மானிப்பது கஷ்டமாக இருந்திருக்காது.

வேகம் என்றால் அலட்சியம் இல்லை. ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் ஸ்விஃப்டின் ஆரம்பகாலக் கதைகள் 'லண்டன் மேகஸின்' இதழில்தான் வந்தன. அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பை 1982இல் வெளியிட்டதும் அந்த இதழின் பதிப்பகமே. எழுத்தாளர் ஜூலியன் மக்லாரன்-ராஸ் (உறவில்லை, பெயர்தான் ஒன்று) நாற்பதுகளின் லண்டனைப் பற்றிய நினைவுகளை முடிக்காமலே 1964இல் இறந்துபோனார். எழுதியவரைக்கும் சேர்த்து அடுத்த வருஷமே புத்தகமாகக் கொண்டுவந்தவர் ஆலன் ராஸ்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் தாண்டிப்போக முடியாது. அவர் மனைவி ஜெனிஃபர், ஃப்ரை சாக்லேட் குடும்பத்துப் பெண். கலை மன்றத்தின் மானியமும் இதழுக்குக் கிடைத்தது. கையிலிருந்த நகையை அடகு வைத்து இதழ் நடத்திய நம் ஊர் ஆசிரியர்களோடு அவரை ஒப்பிட்டால் அது நியாயமாகாது. ஆனால் பணம் இருந்த எத்தனையோ பேர் இதழ் தொடங்கிச் சீக்கிரமே மூடியிருக்கிறார்கள். இவர் நாற்பது வருஷம் நடத்தினார்.

நிருபர் வேலையை விட்டு வெகுநாள் கழித்து, 1983இல், ரஞ்சியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நவாநகரிலிருந்து போய் சஸ்ஸெக்ஸுக்கு ஆடிய இளவரசரைப் பற்றி, கல்கத்தாவில் பிறந்து சஸ்ஸெக்ஸைச் சொந்த ஊராக்கிக்கொண்டவர் எழுதிய புத்தகம். நல்ல புத்தகம்தான். இருந்தாலும் ராஸை முதலில் படிக்க விரும்புகிறவர்களிடம் நான் அதைச் சொல்வதில்லை. 1956–57 தென்னாப்பிரிக்கப் பயணத்தைப் பற்றிய 'கேப் சம்மர்' நூலைச் சொல்வேன். தொடர் 2–2 என்று சமனில் முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு படித்தாலும் ஒன்றும் குறையாது.