செல்ஃப் எடுக்காத அம்பாசிடரும் என் செய்முறைத் தேர்வும்

மாதிரிச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது நூற்றுக்கு 38. ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிப்பவர்களுக்கு அது எவ்வளவு மோசம் என்று தெரியும். எழுத்துத் தேர்வில் 33 சதவீதம் எடுத்தால் தேறிவிடலாம். செய்முறைக்கு 60 வேண்டும், கிரேஸ் மார்க்கும் கிடையாது. பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

கொடுத்த வேலை சின்னதுதான். ஒரு கார் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது, குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பானெட்டைத் திறந்தேன். பாசிட்டிவ் கேபிளின் ரப்பர் வெடித்து, டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தது. பார்த்ததும் சந்தோஷம். பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து அந்தக் கேபிளைக் கழற்றி, புதுசை மாட்டினேன். சாவியைத் திருப்பினால் அதே முனகல். பிறகுதான் சார் காட்டினார், குறை எர்த் பக்கத்தில், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில், இருந்தது. போதாததற்கு நெகட்டிவைக் கழற்றாமல் பாசிட்டிவில் கைவைத்ததற்கு ஒரு வெட்டு, மோதிரத்தைக் கழற்றாததற்கு இன்னொரு வெட்டு, வோல்ட் அளக்கும் மீட்டரைத் தொடவே இல்லை என்பதற்குப் பெரிய வெட்டு.

அந்த ஒரு மாதம் மாலை நேரங்களில் காரைக்குடியில் தெரிந்த அண்ணன் ஒருவரின் பட்டறைக்குப் போனேன். நான் தேறினேன் என்றால் அதற்குக் காரணம் அங்கே பார்த்த ஒரே ஒரு வண்டி.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள், பின்கட்டில் ஷெட், ஷெட்டுக்குள் பழைய பெட்ரோல் அம்பாசிடர். பங்காளிகள் படைப்புக்கு, அதாவது முன்னோர்களைக் கும்பிடும் சடங்குக்கு, ஊருக்கு வரும்போதுதான் அந்த வண்டி வெளியே வரும். மற்ற நாளெல்லாம் தூக்கம். “புது பேட்டரி போட்டும் கெளம்பலையேப்பா, பேட்டரிக்காரன் ஏமாத்திட்டானா?” என்றார் ஆச்சி. “இல்ல ஆச்சி, பார்த்துடுவோம்” என்றார் அண்ணன். என் கை அதற்குள் ஸ்பானருக்குப் போய்விட்டது. “தம்பி, மொதல்ல மீட்டர எடு” என்று தடுத்தார்.

பேட்டரியில் 12.6 வோல்ட். அதாவது முழு சார்ஜ், பேட்டரிக்காரர் ஏமாற்றவில்லை. அடுத்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலின் சின்ன ஒயரைக் கழற்றி வைத்தார். என்னை மீட்டரோடு நிறுத்திவிட்டு அவர் செல்ஃப் அடித்தார். பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை 0.3 வோல்ட், அதாவது அவ்வளவுதான் வழியில் தொலைகிறது. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கேபிள் நல்லது என்று விட்டுவிடலாம். நெகட்டிவ் முனையிலிருந்து பாடி வரை 0.1, அதுவும் சரி. அதே நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு வைத்தேன்: 1.6! எர்த் பக்கம் 0.2, மிஞ்சிப்போனால் 0.3தான் இருக்கலாம்.

அண்ணன் டாஷ்போர்டில் இருந்த சோக் ஒயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சூடாக இருந்தது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. அதற்காகத்தான் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று போடுகிறார்கள். அது இற்றுப்போனால் கரண்ட் வேறு வழி தேடி சோக் ஒயரிலும் ஆக்ஸிலரேட்டர் கம்பியிலும் ஓடும். நாங்கள் கீழே படுத்துப் பார்த்தபோது பட்டையில் நாலைந்து இழைதான் மிச்சம்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறோம். அந்த நாலு இழையை மீட்டரில் ஓம் பார்த்தால் பூஜ்யம் என்றுதான் காட்டும், இணைப்பு இருக்கிறது என்று கன்டினியுட்டி பீப்பும் அடிக்கும். மீட்டர் அனுப்புவது துளி கரண்ட், அதற்கு ஓர் இழையே போதும். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ 150, 200 ஆம்பியர். கணக்குப் போடுங்கள்: 0.01 ஓம் என்பது சாதா மீட்டரின் கண்ணுக்கே படாத தடை. 200 ஆம்பியர் ஓடும்போது அது 2 வோல்ட்டைத் தின்றுவிடும், 400 வாட் சூடாக. ஆகவே கேபிளை லோடு இருக்கும்போதுதான், அதாவது செல்ஃப் அடிக்கும்போதுதான், சோதிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பரீட்சைத் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டுங்கள், வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேள்வியே குறைந்துவிடும்.

மாட்டும் வேலையில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் கேட்டால் “ரூல் சார்” என்று சொல்லாதீர்கள். பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பானரின் மறுமுனை பாடியில் பட்டாலும், நெகட்டிவ் கழன்றிருந்தால் சர்க்யூட் முழுமையாகாது, பொறி பறக்காது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருவதால் பொறிதான் எமன். டெர்மினலில் பூத்ததை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம், ஆனால் அது செல்லுக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. எர்த் உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்க வைத்துவிட்டு முடுக்குங்கள். வாசலின் பூசுவது முடுக்கிய பிறகு. புதுக் கேபிள் பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. ரப்பர் தடிப்பைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் செம்பைப் பாருங்கள். கேபிள் நுனியில் வரும் லக்கை உளி வைத்துத் தட்டி நசுக்குவது பட்டறைப் பழக்கம், நானும் செய்திருக்கிறேன். பரீட்சையில் கிரிம்பிங் டூல்தான்.

மறந்துவிடக் கூடாத ஒன்று: வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி அளந்து, முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று எழுத வேண்டும். ஆச்சி வீட்டு வண்டியில் 1.6 இருந்த இடத்தில் 0.1 வந்தது. வண்டி ஒரே அடியில் கிளம்பியது. ஆச்சி எங்களுக்குக் கவுனி அரிசி கொடுத்தார், அது தனிக் கதை.

டெர்மினல் ஏன் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூக்கிறது என்று வைவாவில் கேட்பார்கள். கந்தக அமில ஆவி செம்பைத் தின்றால் பச்சையும் நீலமும், ஈயத்தைத் தின்றால் வெள்ளை. காரைக்குடிக்காரன் இதற்குத் திணறினால் வெட்கம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கே ஆராய்வதே மின்வேதியியலும் பேட்டரியும் துருவும்தான். பள்ளியில் படிக்கும்போது எங்களை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் மரங்களை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொரு வைவா கேள்வி: அந்தக் கால 6 வோல்ட் கார்களுக்குக் கேபிள் ஏன் தடிமன்? அதே சக்திக்கு வோல்ட் பாதி என்றால் கரண்ட் இரண்டு மடங்கு. இதை அம்பாசிடர் அண்ணனே எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தார்.

சரி, உண்மையான பரீட்சையில் பேட்டரி கேபிள் எனக்கு வரவே இல்லை. வந்தது “சார்ஜிங் குறைவு”. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8க்கு மேல் வர வேண்டும், 13.1தான் வந்தது. பக்கத்து வண்டியில் நின்ற பையன் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டான். நான் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 0.9 காட்டியது. தேர்வாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று மீட்டரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பேனாவைத் திறந்தார்.