நடுப்படம் வரைகிறவர்கள்

சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் நான் பார்த்த வேலைக்கு இன்பிட்வீனர் என்று பெயர். சீனியர் ஆர்ட்டிஸ்ட் இரண்டு கீ ட்ராயிங், அதாவது ஒரு அசைவின் தொடக்கமும் முடிவும், வரைந்து கொடுப்பார். ஒன்றில் பையன் கையைத் தொங்கவிட்டிருப்பான். அடுத்ததில் கை தலைக்கு மேல் போயிருக்கும். நடுவில் எத்தனை படம், எங்கே நெருக்கமாக, எங்கே தள்ளித் தள்ளி என்று தாளின் ஓரத்தில் கோடு கிழித்துக் குறித்திருப்பார். அடியில் விளக்கு எரிகிற லைட் பாக்ஸில், தாள் நகராமல் பிடிக்கிற பெக் பாரில் மாட்டி அந்த நடுப்படங்களை வரைந்து தர வேண்டியது என் பாடு. சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். ஒழுங்காக வரைந்தால் வரைந்ததே யாருக்கும் தெரியாது. கெட்டுப்போனால் மட்டும், "யாரு வரைஞ்சது இதை?" என்று சத்தம் வரும்.

வெளிநாட்டு டிவி தொடர்களுக்கு அப்படி வரைந்து குவித்தோம். தொடர் முடிந்ததும் கட்டுக்கட்டாகத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அப்போது எனக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. எடை போட வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததுகூட நினைவிருக்கிறது.

இப்போது சேலத்தில், ஐந்து ரோடு பக்கம், பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லித் தருகிறேன். போன வருடம் வேலை விஷயமாக டோக்கியோ போக வேண்டி வந்தது. ஒரு நாள் ஓய்வு கிடைத்ததும், கிப்லி என்கிற ஜப்பானிய அனிமேஷன் ஸ்டூடியோவின் மியூசியத்துக்குக் கிளம்பினேன். அங்கே வாசலில் போய் நின்று டிக்கெட் வாங்க முடியாது. அடுத்த மாதத்துக்கான டிக்கெட்டை இந்த மாதம் 10-ஆம் தேதி விற்கத் தொடங்குவார்கள். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் போடுகிற கதைதான். கூட வேலை செய்கிற ஒருவர் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார், பிழைத்தேன்.

மிட்டாகா ஸ்டேஷனில் இறங்கி, மரம் அடர்ந்த வாய்க்கால் ஓரமாகவே நடந்தால் இனொகாஷிரா பூங்காவின் ஒரு ஓரத்தில் மியூசியம் இருக்கிறது. 2001 அக்டோபரில் திறந்தார்கள். கிப்லி படங்களின் இயக்குநர் ஹயாவோ மியாசாகி தன் கைப்படத் திட்டமிட்ட கட்டடம். இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று வழி போட்டு வைக்கவில்லை. குறுகலான சுழல் படிக்கட்டில் ஏறினால் எங்கேயோ கொண்டுபோய் விடும். உள்ளே போட்டோ எடுக்கவும் விடமாட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. அரை மணி நேரத்தில் போன் இருப்பதே மறந்துபோனது. நம் கோயில்களிலும் மியூசியங்களிலும் இந்த ஒரு விதியையாவது கறாராகப் பிடிக்கலாம் என்று தோன்றியது.

வாசலில் டிக்கெட் கவுண்டர் மாதிரி ஒரு பெட்டிக்குள், கிப்லி படத்தில் வருகிற குண்டான காட்டுப் பிராணி டோட்டோரோ, பெரிதாக உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகள் கத்தின கத்தலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அழுகை வந்தது வேறு இடத்தில்.

உள்ளே போகும்போது கையில் ஒரு அட்டை தருகிறார்கள். நடுவில் நிஜமான 35 மில்லிமீட்டர் ஃபிலிம் துண்டு, கிப்லி படம் ஒன்றிலிருந்து வெட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் எந்தப் படம், எந்தக் காட்சி என்று கண்டுபிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். என் கண் போனது வேறு எங்கோ. முதல் இரண்டு ஃப்ரேமும் ஒரே படம். மூன்றாவதில் ஒரு பெண்ணின் தலைமுடி நுனி மட்டும் மயிரிழை அளவு நகர்ந்திருந்தது. அந்த நகர்வுக்காக ஒரு தாள். அந்தத் தாளுக்காக ஒருவர் லைட் பாக்ஸில் குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர் கழுத்து எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கீழ்த்தளத்தில் ஒரு சோட்ரோப் இருக்கிறது, சுற்றவிட்டால் நிற்கிற உருவங்கள் அசைவதாகத் தெரிகிற கருவி. டோட்டோரோவும் அதன் கூட்டாளிகளும் ஒவ்வொரு நிலையிலும் தனித்தனிப் பொம்மையாக ஒரு வட்ட மேடையில் நிற்கின்றன. மேடை வேகமாகச் சுற்றும்போது எல்லாம் கலங்கி ஒரே கோடாகத் தெரிகிறது. வெட்டி வெட்டி எரியும் விளக்கைப் போட்டதும் அத்தனையும் துள்ள ஆரம்பிக்கின்றன. விளக்கை நிறுத்தினால் மறுபடி கலங்கல். நான் வகுப்பில் வாய் வலிக்க விளக்குவதை அது ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டது. நகர்வை உண்டாக்குவதே நடுவில் விழுகிற இருட்டுதான்.

மேலே, படம் உருவாகிற இடத்தைக் காட்டும் அறைகள். ஒரு கலைஞர் இப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போனார் என்கிற மாதிரி மேஜை. சுவர் முழுக்க ஸ்கெட்ச், பிறகு காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டு, வண்ணக் குப்பிகள். கண்ணாடி ஜாடி நிறையப் பென்சில் துண்டுகள், இனி விரலில் பிடிக்க முடியாது என்கிற அளவுக்குச் சீவித் தீர்ந்தவை. அந்த ஜாடி முன்னால்தான் எனக்கு உடைந்தது. நாங்களும் துண்டுப் பென்சிலைத் தூக்கிப் போடாமல் பேனா மூடியில் செருகி வரைந்தவர்கள்தான். அதைக் கண்ணாடிக்குள் வைத்து உலகத்தையே வரிசையில் நிறுத்திக் காட்டலாம் என்று எங்கள் ஸ்டூடியோவில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். 2008-இல் வந்த 'போன்யோ' என்கிற கிப்லி படத்துக்கு மட்டும் சுமார் 1,70,000 படங்கள் கையால் வரைந்தார்கள். எத்தனை பென்சில் தீர்ந்திருக்கும்!

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்த அறையும் கடைசியில் ஒரு மேதையின் அறையாகத்தான் இருக்கிறது. வரிசையாக ஐம்பது மேஜை போட்டு நடுப்படம் வரைகிறவர்களை உட்கார வைத்த அறை என் கண்ணில் படவில்லை. ஆனாலும் வேலையையே காட்சிக்கு வைத்திருக்கிறார்களே, அதுவே பெரிது.

ஊர் திரும்பியதும் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடக்கும்போதெல்லாம் மனசு அங்கே போய் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய, நூறு படங்களுக்கு மேல் எடுத்த சினிமா ஸ்டூடியோ இருந்த இடம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', அங்கிருந்து வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்', 1938-இல், அதுவும் அவர்கள் தயாரிப்பு. இன்று மிச்சம் இருப்பது அந்த வளைவு. என் பெரியப்பா அங்கே செட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர். அவர் பிரஷ் ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அதை வெச்சுத்தான்டி கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிச்சோம், மயிரெல்லாம் கொட்டிப்போச்சு" என்றார்.

வகுப்பில் சோட்ரோப் செய்யலாம் என்று முடிவானது. ஒரு மாணவியின் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பழைய எண்ணெய் டின்னை வட்டமாக வெட்டிக் கொண்டுபோனோம். விளக்குக்குப் பதிலாக, எட்டிப் பார்க்கப் பக்கவாட்டில் 12 பிளவு, எல்லாம் ஒரே இடைவெளியில் வர வேண்டும். "வெள்ளின்னா கை தானா போகும் டீச்சரம்மா, தகரம் கிழிக்கச் சொல்றீங்களே" என்று அலுத்துக்கொண்டே, நூல் மாதிரி இருந்த ரம்பத்தால் அறுத்தார். ஒவ்வொரு பிளவையும் அரத்தால் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். அளவு பிசகவே இல்லை.

உள்ளே ஓட்டுவதற்கு ஏற்காட்டுக் குரங்கு. யாரோ ஒருவர் கையிலிருந்து சோளக்கதிரைப் பிடுங்கிக்கொண்டு தாவுகிறது. கீ ட்ராயிங் என்று யாருக்கும் தனி மரியாதை கிடையாது. ஆளுக்கொரு படம், அதன் கீழேயே பெயர். டின் சுற்றும்போது பெயர்களும் சேர்ந்து நடுங்கும், பரவாயில்லை என்றேன். சுற்றிப் பார்த்தோம். ஏழாவது படத்தில் வால் மட்டும் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிறது. வரைந்த பையனைத் திருத்தச் சொன்னேன். "குரங்கு வால் அப்படித்தான் மிஸ் ஆட்டும், ஏற்காட்டுல போய்ப் பாருங்க" என்கிறான். பாதி வகுப்பு அவன் பக்கம்.