திவால் கோப்பில் அகப்பட்ட கொள்ளுத்தாத்தா

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தங்கச் சுரங்க ஊரான பல்லாரட்டில், பழைய ஆவணங்களில் முன்னோர் யாரையாவது தேடப் போகிறீர்களா? அவர் யாரோவி ஓடைக்கு மேற்கே இருந்தாரா, கிழக்கே இருந்தாரா என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். மேற்கே நகராட்சி 1855 கடைசியில் வந்தது, கிழக்கே 1857இல் தனியாக இன்னொன்று. இரண்டும் ஒன்றானது 1921இல்தான். அதுவரை வீட்டு வரிப் புத்தகங்களும் தனித்தனி.

எனக்கு இது தெரிந்திருந்தும் பயனில்லை. ஆவணக் காப்பகத்துக்கு முன்பதிவு செய்தபோதே ‘கிழக்கு’ என்று குறிப்பிட்டிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் மேற்குப் புத்தகத்தைத் தூக்கி வந்து வைத்தார். “மெயின் ரோடு கிழக்கில் அல்லவா இருக்கிறது” என்றேன். “எல்லாம் ஒரே ஊர்தானே” என்றார். அப்புறம் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நான் கேட்டது வேறு கட்டடத்தில் இருக்கிறது, மறுபடி பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்றார். மெல்பர்னிலிருந்து லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்தவளிடம் இப்படிச் சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ.

தேடியது என் மாமியாரின் கொள்ளுத்தாத்தாவை. கணவர் வீட்டில் பரம்பரை பரம்பரையாக எல்லாரும் விக்டோரியாக்காரர்கள். “தங்க வேட்டைக்கு வந்து பணக்காரரானவர்” என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். கையில் இருந்த தகவலோ, 1850களில் வந்தவர், கொல்லர், பட்டறை மெயின் ரோட்டில், அவ்வளவுதான்.

இறப்புச் சான்றிதழில் சிரமமே இல்லை. விக்டோரியாவில் 1853 ஜூலையிலிருந்து அரசுப் பதிவு உண்டு. பெற்றோர் பெயர், பிறந்த ஊர், காலனியில் எத்தனை வருடம், பிள்ளைகள் யார் யார் என்று எல்லாம் அதில் இருந்தன. கப்பல் பட்டியலில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். இவருடைய குடும்பப் பெயரே ஆங்கிலத்தில் வேறொரு தொழிலின் பெயர். தேடினால் பாதிக் கப்பல் வந்து நிற்கிறது.

நிலப் பத்திரம் இல்லையே என்றும் கலங்க வேண்டாம். 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டின் யுரேகாவில் சுரங்கக்காரர்களுக்கும் படைக்கும் மோதல் நடந்ததல்லவா? அதற்கு அடுத்த வருடம் தங்கம் தோண்டுவதற்கான மாத லைசென்ஸ் போய், வருடத்துக்கு ஒரு பவுண்டில் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற சுரங்கக்காரர் உரிமைச் சீட்டு வந்தது. அது கையில் இருந்தால் தங்கமும் தோண்டலாம், அரசு நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கவும் செய்யலாம். தோண்டாத தொழிலாளிகளும் வீட்டுக்காகவே அதை வாங்கினார்கள். பட்டா இல்லாத வீட்டுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்?

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் இணையதளத்தில் பழைய பல்லாரட் ஸ்டார் நாளிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சு மங்கிய இடங்களில் கணினி எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று படித்து வைத்திருக்கிறது. அதனால் பெயரை விட்டுவிட்டுத் தெருவையும் தொழிலையும் போட்டுத் தேடுங்கள். ஊர்ப் பெயரை நடுவில் ஒரு ‘ஏ’யோடும் (Ballarat) இரண்டு ‘ஏ’யோடும் (Ballaarat) போட்டுப் பார்க்க வேண்டும். நகராட்சி 1994 வரை இரண்டு ‘ஏ’தான் எழுதியது. அப்படித் தேடியபோதுதான் அந்தச் சின்ன அறிவிப்பு சிக்கியது. கொல்லர், திவால். காரணங்கள்: சுரங்கப் பங்குகளில் நட்டம், வராத கடன், குடும்பத்தில் நோய்.

பணக்காரராம்!

திவால் கோப்பை வரவழைத்துப் பார்த்த அன்று மத்தியானச் சாப்பாடே மறந்துவிட்டது. உலை, துருத்தி, பட்டடை, சம்மட்டி, குறடுகள், பழைய இரும்பு என்று பட்டறையையே வரி வரியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பொருளுக்குக் கீழே அதே பொருள் வந்தால் எழுத்தர் ‘Do’ என்று இரண்டெழுத்தில் முடித்துவிடுகிறார். ‘மேற்படி’ என்று அர்த்தம். இவருக்குப் பணம் தர வேண்டியவர்கள் பட்டியல் தனித்தாள். வண்டிக்காரர்கள், சின்னச் சின்ன சுரங்கக் கூட்டாளிகள். வண்டிக்காரர்களுக்கு லாடம், மற்றவர்களுக்கு மழுங்கிய கடப்பாரையைத் தீட்டிக் கொடுத்த கூலி. பல்லாரட்டில் தங்கம் கிடந்தது மண்ணுக்குள் புதைந்துபோன பழைய ஆற்றுப் படுகைகளில். நூறடிக்கும் கீழே குழி இறங்கிப் போனால் கடப்பாரை மழுங்கத்தான் செய்யும். ஆழம் கூடக் கூட நீராவி இயந்திரத்தோடு கம்பெனிகள் வந்தன, சில்லறைக் கூட்டாளிகள் கடையைக் கட்டினார்கள். பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது? கிடைத்த கொஞ்ச லாபத்தையும் மனுஷன் பங்குகளில் போட்டிருக்கிறார். அந்தப் பங்குகளுக்கு நேரே மதிப்பு: ஒன்றுமில்லை.

பென்சிலும் போனும் எடுத்துப் போங்கள், பேனா விடமாட்டார்கள். கோப்பு எண் தெரிகிற மாதிரி அட்டையை முதலில் படமெடுத்துவிடுங்கள்.

கிழக்கு வரிப் புத்தகம் ஒருவழியாகக் கைக்கு வந்தது. திவாலுக்கு அடுத்த வருடங்களில் அதே இடம், அதே பட்டறை, பெயர் மட்டும் அவர் மனைவியுடையது! உயில் அட்டவணையிலும் அவர் பெயரில் ஒன்றும் இல்லை. மனைவி பெயரைப் போட்டதும் வந்தது. தாத்தா கிடைக்கவில்லையென்றால் பாட்டி பெயரில் தேடுங்கள். 1925 வரையான உயில் கோப்புகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.

மாமியார் கோப்பின் படங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்படியானால் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்த அம்மாதான்” என்றார். அடுத்த வேலை கல்லறை. பழைய இடுகாடா, புதிய இடுகாடா என்று அவருக்கும் என் நாத்தனாருக்கும் இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.